நாலு ட்ரோன், ஒரே கோபுரம்: கும்பாபிஷேகத்தில் யார் எப்போது பறக்கலாம்?

எனக்கு வந்த கடிதம் நீளமானது, அதனால் சுருக்கித் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவர் பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரைச் சேர்ந்த இளைஞர். கடன் வாங்கி 10 லிட்டர் தொட்டியுள்ள மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றை வாங்கி, முறையாகப் பயிற்சி எடுத்து, பைலட் சான்றிதழோடு தொழில் செய்கிறார். கல்யாணம், காதுகுத்து, சீர் என்று படம் எடுக்க 249 கிராம் எடையில் ஒரு சின்னக் கேமரா ட்ரோனும் இருக்கிறது. வரும் தை மாதம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம். வெளியூரிலிருந்து இரண்டு வீடியோ குழுக்கள் வருகின்றன, யூடியூப் சேனல் நடத்தும் உள்ளூர்ப் பையன் ஒருவனும் பறக்கவிடப் போகிறான், நாலாவதாக இவருடைய மருந்தடிக்கும் ட்ரோனில் தீர்த்தத்தை நிரப்பிக் கூட்டத்தின் மேல் தெளிக்க வேண்டும் என்று கமிட்டி ஆசைப்படுகிறது. "மேலே பறக்கறதையெல்லாம் நீதான் பார்த்துக்கோணும்" என்று பொறுப்பையும் இவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் இரண்டு ட்ரோன்கள் மோதி, ஒன்று சமையல் பந்தலுக்குப் பக்கத்தில் விழுந்ததை இவர் நேரில் பார்த்திருக்கிறார், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இது போதாதென்று, பங்காளி வீட்டுப் பெரியப்பா தன் கறிக்கோழிப் பண்ணைக்கு மேல் இவர் தாழப் பறந்ததில் கோழிகள் மிரண்டு செத்துவிட்டன என்றும், இன்னொரு தடவை வந்தால் கல்லெறிந்து கீழே தள்ளிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்பது இவ்வளவுதான்: 250 கிராமுக்குள் இருந்தால் எந்தச் சட்டமும் கிடையாதுதானே? எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் வானம் எங்களுடையதுதானே? ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் போதுமா? ஏதாவது விழுந்தால் யார் பொறுப்பு? பெரியப்பா சொன்னபடி அடித்துத் தள்ள முடியுமா?

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் பயம் சரியான பயம். ட்ரோன் சம்பந்தமாக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது விழுந்த பிறகுதான் வருகிறார்கள், நீங்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட ஐந்து கேள்வியில் மூன்று தவறான நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அவற்றைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் கோபுரத்துக்குப் போவோம்.

நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் மூன்று விஷயங்கள்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. அதற்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை, இப்படிச் சில சலுகைகள்தான். பறக்கத் தடையுள்ள இடத்தில் அதுவும் பறக்கக் கூடாது, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால் அதற்கும் தண்டனை உண்டு. இன்னொன்று, 249 கிராம் என்பது கம்பெனி பெட்டியில் போட்டுத் தரும் எடை. கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டாலோ, இறக்கைக்குக் காப்பு மாட்டினாலோ, ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு ஒட்டினாலோ 250-ஐத் தாண்டிவிடும், தாண்டிய நிமிடமே அது அடுத்த வகையான மைக்ரோ. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் கூலி வாங்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுத்தால் தேவை. வெளியூர்க் குழுக்கள் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருக்கும், அவர்களிடம் சான்றிதழும், ட்ரோனின் பதிவு எண்ணும், காப்பீடும் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது, வானம். நிலப் பட்டா நிலத்துக்குத்தான். உங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள வான்வெளி நாட்டின் வான்வெளி, அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலமாகப் பிரித்து டிஜிட்டல் ஸ்கை என்ற தளத்தில் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, யாரிடமும் முன் அனுமதி வாங்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுவட்டத்தில் கணக்கு மாறும்: எல்லைச் சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான் பச்சை, 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். மஞ்சளில் பறக்க வேண்டுமானால் அந்த வான்வெளியைக் கட்டுப்படுத்துகிறவர்களின் அனுமதி வேண்டும், அது இடத்தைப் பொறுத்து விமான நிலைய ஆணையமாகவோ விமானப்படையாகவோ இருக்கும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம், கொஞ்சம் தள்ளிக் கோவை பீளமேடு விமான நிலையம். ஆகவே "பைபாஸிலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று வாய்க்கணக்கு போடாதீர்கள். கோயில் இருக்கும் இடத்தையே வரைபடத்தில் குத்திப் பாருங்கள். இன்றைக்கு ஒரு தடவை, விழாவுக்கு முந்தின நாள் ஒரு தடவை, அன்று காலை ஒரு தடவை.

மூன்று தடவை எதற்கு என்றால், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் எந்த இடத்தையும் அதிகபட்சம் 96 மணி நேரத்துக்குத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். கும்பாபிஷேகத்துக்கு அமைச்சர் யாராவது வருகிறார் என்றால் இது நடக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் மூன்றாவது நம்பிக்கைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஸ்டேஷனில் கடிதம் கொடுப்பது நல்லது, கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்குங்கள். ஆனால் அது தகவல்தான். மஞ்சள் மண்டலத்தில் பறக்க இன்ஸ்பெக்டர் தலையாட்டியது அனுமதி ஆகாது. கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரிடமும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தீர்த்தம் தெளிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உங்கள் ட்ரோனின் தொட்டியில் நேற்றுவரை எது இருந்தது? தென்னைக்கோ மக்காச்சோளத்துக்கோ அடித்த பூச்சிமருந்து. தொட்டியை மட்டும் கழுவினால் போதாது. பம்ப், குழாய், வடிகட்டி, நாசில் என்று ஒவ்வொன்றிலும் மருந்து தங்கும், பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் ஊறியது அடுத்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அந்த நீரைத்தான் தீர்த்தம் என்று அண்ணாந்து பார்த்து, கண்ணிலும் வாயிலும் பட்டுக்கொள்ளப் போகிறார்கள், அதில் கைக்குழந்தைகளும் இருப்பார்கள்.

அடுத்தது எடை. தொட்டி நிறைந்தால் உங்கள் இயந்திரம் கிட்டத்தட்ட 25 கிலோ. 30 மீட்டர் உயரத்தில் மோட்டார் நின்றுபோனால், காற்றின் தடையைக் கழிக்காமல் கணக்குப் போட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஜனம், நகர இடம் இருக்காது. தொட்டியைக் கழற்றிவிட்டுப் பூக்கூடை கட்டுகிறோம் என்று கமிட்டி மாற்று யோசனை சொன்னாலும் நான் சம்மதிக்க மாட்டேன். மருந்தடிப்பதற்காகச் சான்று பெற்ற இயந்திரத்தில் நீங்களாக ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கூட்டத்தின் மேல் ஓட்டினால், விபத்து நடந்த அன்று காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான், கடனில் வாங்கிய இயந்திரமும் போய் நஷ்டஈடும் உங்கள் கையிலிருந்து போகும். தீர்த்தத்தை அர்ச்சகர்கள் காலம் காலமாகத் தெளித்துத்தான் வருகிறார்கள், விசைத் தெளிப்பான் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கி மாடியிலிருந்து தெளிக்கட்டும்.

மீதி மூன்றை எப்படிப் பறக்கவிடுவது

தாழ்ந்த உயரத்தில் ட்ரோன் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2021 அக்டோபரிலேயே ஒரு கொள்கைச் சட்டகம் வெளியிட்டது. 1000 அடிக்குக் கீழே பறக்கும் ட்ரோன்கள் தாங்கள் யார், எங்கே இருக்கிறோம், எங்கே போகப் போகிறோம் என்று நெட்வொர்க் வழியாகத் தெரிவித்துக்கொண்டே இருக்கும், ஒன்றின் பாதையில் இன்னொன்று வராமல் சேவை நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் கோயில் கோபுரத்தைச் சுற்றி அன்றைக்கு ட்ரோன்களைப் பிரித்துவிட எந்தக் கம்ப்யூட்டரும் இருக்காது, விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு உங்கள் 249 கிராம் ட்ரோன் கண்ணில் படப்போவதும் இல்லை. பச்சை மண்டலம் என்றால் அனுமதி கேட்க வேண்டாம் என்றுதான் அர்த்தம், உங்களையும் பக்கத்து ட்ரோனையும் யாரோ பிரித்துவைப்பார்கள் என்று அர்த்தம் இல்லை. அதைச் செய்யத் தரையில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்கள் என்றால் அன்றைக்கு உங்கள் கையில் ரிமோட் இருக்கக் கூடாது. இது கஷ்டமாக இருக்கும், உங்களுக்கும் படம் எடுத்துச் சம்பாதிக்க வேண்டிய நாள்தான். ஆனாலும் திரையைப் பார்த்துக்கொண்டே வானத்தையும் பார்க்க யாராலும் முடியாது. ஒன்று பறக்கவிடுங்கள், இல்லையென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்கிற வேலைக்குக் கமிட்டியிடம் கூலி கேட்பதில் தப்பே இல்லை.

எல்லாரும் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். காரணம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. இந்தச் சின்ன ட்ரோன்கள் திரையில் காட்டும் உயரம் அவை கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. ஒருவர் கோயில் வாசல் தரையிலிருந்து கிளம்பி 52 மீட்டரில் நிற்கிறார், இன்னொருவர் 12 மீட்டர் உயரமுள்ள மண்டப மாடியிலிருந்து கிளம்பி 40 மீட்டரில் நிற்கிறார் என்று வையுங்கள். போனில் பேசிக்கொண்டால் "நமக்குள்ள 12 மீட்டர் இடைவெளி இருக்குதுங்க" என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள், மேலே இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். நீங்கள் கல்யாணத்தில் பார்த்த மோதலிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கலாம். ஒரே மாடியில், ஐந்தாறு மீட்டர் தள்ளித் தள்ளி, மூன்று பைலட்டுகளும் வரிசையாக நின்றால் உயரக் கணக்கும் ஒன்றாகிவிடும், கூப்பிட்டால் காதிலும் விழும். அத்தனை கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறும், வாட்ஸ்அப் குரூப்பை நம்பி இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அப்புறம், ஆளுக்கு ஒரு உயரம் பிரித்துக் கொடுங்கள், நடுவில் 20 மீட்டராவது இருக்கட்டும். ஒரே நேரத்தில் மேலே இரண்டுக்கு மேல் வேண்டாம், மூன்றாமவர் முறை வரும்வரை காத்திருக்கட்டும். உண்மையில் நான் கமிட்டியில் இருந்தால் ஒரு குழுவை மட்டும் பறக்கவிட்டு, எடுத்ததை மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்வேன். கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

உயரம் பிரித்துக் கொடுத்தவர்களும் மறந்துவிடும் ஒரு விஷயம் ரிட்டர்ன் டு ஹோம். சிக்னல் அறுந்தாலோ பேட்டரி இறங்கினாலோ ட்ரோன் தானாகவே, முன்பே பதிந்துவைத்த உயரத்துக்கு நேராக ஏறி, அங்கிருந்து நேர்கோட்டில் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். கூட்டத்தில் ஆயிரக்கணக்கான போன்களின் அலைவரிசை நெருக்கடியில் சிக்னல் அறுந்துபோகலாம். கீழ் அடுக்கில் 30 மீட்டரில் இருந்தது திடீரென்று 60-க்கு ஏறினால், மேல் அடுக்கில் நிற்பதன் வயிற்றில் போய் முட்டும். வாங்கியபடியே அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் மூன்றும் ஒரே உயரத்துக்கே ஏறக்கூடும். ஆகவே கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவர் ரிமோட்டையும் நீங்களே வாங்கி, அந்த உயரம் கோபுரத்தையும் உயர் அழுத்த மின்கம்பியையும் தாண்டுகிறதா, ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பேட்டரி 30 சதவீதம் வந்தால் இறக்கியே ஆக வேண்டும் என்றும் பேசிவிடுங்கள், தானாகத் திரும்பும் நிலைமையே வரக் கூடாது.

கூட்டத்தின் தலைக்கு நேர் மேலே யாரும் வேண்டாம். ஜனம் நிற்கும் பக்கத்தை விட்டுக் கோயிலின் பின்புறமோ காலிக் காட்டுப் பக்கமோ நிறுத்திச் சாய்வாகப் படம் எடுத்தால் கோபுரம் இன்னும் அழகாகத்தான் வரும். கலசத்தில் நீர் ஊற்றும் அந்தச் சில நிமிடங்களுக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொல்வேன். அந்த நேரத்தில் கருடன் வட்டமிடுகிறதா என்று மொத்த ஊரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். பருந்து வகைப் பறவைகள் ட்ரோனை எதிரி என்று நினைத்துப் பாய்வது உண்டு, இறக்கையில் பட்டால் பறவைக்கும் சேதம். கருடன் அடிபட்டுக் கோயில் வாசலில் விழுந்தால் ஊர் உங்களை மன்னிக்காது, எனக்கும் மன்னிக்கச் சொல்லி வாதாட மனசு வராது.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பேச்சே இல்லை, எல்லாம் கீழே. ஆள் ஓட்டும் விமானத்துக்கு ட்ரோன்தான் வழி விட வேண்டும். சூலூர்ப் பக்கம் ஹெலிகாப்டர் தாழப் போவது உங்களுக்கே தெரியும், பூத்தூவ என்று விழாக் குழுவினரே வாடகைக்கு ஒன்றை வரவழைப்பதும் நடக்கிறது. அப்படி ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கமிட்டியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

விழுந்தால் யார் பொறுப்பு

முதல் பொறுப்பு ஓட்டியவருக்கு. ட்ரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அது தனி, குற்ற வழக்கு தனி. பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவின்படி, அஜாக்கிரதையால் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினாலே, யாருக்கும் அடிபடாவிட்டாலும், மூன்று மாதம் வரை சிறை விதிக்க முடியும். கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை போகும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாகத் தெரிவிக்க வேண்டும், உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவது இன்னொரு தப்பு.

உங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. "நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டால், ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று நஷ்டஈட்டு வழக்கில் உங்களையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்க்க இடம் உண்டு, கமிட்டியையும் சேர்க்கலாம். அதற்காகப் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. நீங்கள் ஒதுங்கினால் அந்த இடத்தில் யாருமே இருக்க மாட்டார்கள், மூன்று ட்ரோனும் அவரவர் இஷ்டத்துக்குப் பறக்கும், அது இதைவிட மோசம். அதிகாரம் இல்லாத பொறுப்பைத்தான் வாங்காதீர்கள் என்கிறேன். கமிட்டி தன் தாளில், தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டு, "இவர் வேண்டாம் என்றால் யாரும் பறக்கக் கூடாது, இறக்கு என்றால் இறக்க வேண்டும்" என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும். மூன்று பைலட்டுகளும் அதன் கீழே கையெழுத்துப் போடட்டும். யூடியூப் பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அன்றைக்குத் தரையிலிருந்து எடுக்கட்டும்.

பெரியப்பா விஷயம்

சட்டப்படி அவர் ட்ரோனைக் கல்லால் அடிக்க முடியாது. அடித்தால் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம், அதே நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவு, உடைந்ததற்கு நஷ்டஈடும் தர வேண்டிவரும். ஆனால் தம்பி, இந்த வரியை எடுத்துக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஏனென்றால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கறிக்கோழி எப்படிப்பட்டது என்று பல்லடத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழக்கமில்லாத சத்தம் மேலே திடீரென்று கேட்டால் அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் மாட்டியது மூச்சுத் திணறிச் சாகும். கம்பெனிக் குஞ்சு வாங்கி வளர்க்கிறவராக இருந்தால் ஒவ்வொரு சாவும் வளர்ப்புக் கூலியில் கழியும். ட்ரோன் வானத்தில் போனது என்ற ஒரே காரணத்துக்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது, ஆனால் கொட்டகைக்கு மேல் தாழப் பறந்ததால் இத்தனை கோழி செத்தது என்று அவர் நிரூபித்தால் நஷ்டஈடு கேட்கலாம், ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அவர் வீட்டு முற்றமும் குளியலறையும் கேமராவில் விழுந்திருந்தால் அது இன்னும் பெரிய வம்பு.

அதனால் உங்கள் அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் நேரில் அவர் தோட்டத்துச் சாளைக்குப் போங்கள். அன்றைக்கு எத்தனை கோழி போனது என்று கேளுங்கள், அவர் சொல்லும் கணக்கு நியாயமாகப் பட்டால் அந்தத் தொகையைக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் வழக்குக்கு முதல் தவணையாகத் தரும் பணத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கொட்டகைக்கு மேல் இனிப் பறப்பதில்லை என்றும், பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கும் நாளில் முந்தின நாளே சொல்லிவிடுவதாகவும், காற்று அவர் பக்கம் வீசினால் அன்றைக்கு அடிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுங்கள். நம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி இழுக்கும் என்று தெரியும், அந்த மாதங்களில் இந்த வாக்கைக் காப்பாற்றச் சில நாள் வேலையை விட வேண்டியிருக்கும்.

உடனே செய்ய வேண்டியது இரண்டு. இன்று ராத்திரியே டிஜிட்டல் ஸ்கையில் கோயில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மஞ்சள் என்று காட்டினால் நாளைக்கே விண்ணப்பியுங்கள், தை பிறக்கும்வரை காத்திருக்காதீர்கள். சிவப்பு என்று காட்டினால் கமிட்டியிடம் போய் இந்த விழாவுக்கு ட்ரோனே கிடையாது என்று சொல்லிவிடுங்கள், முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கமிட்டி எழுதித் தரும் அந்த ஒரு பக்கத்தைக் கையெழுத்து ஆவதற்கு முன்னால் எனக்கு அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன்.